நான்கு நாடுகளுக்கு ஒரு நாற்காலி: நாணய நிதியத்தின் நிறைவேற்றுப் பணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிறைவேற்றுப் பணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

வொஷிங்டனில் சர்வதேச நாணய நிதியத்தின் நிறைவேற்றுச் சபையில் 25 நாற்காலிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று உங்களுடையது. இந்தியா, பங்களாதேஷ், இலங்கை, பூட்டான் ஆகிய நான்கு நாடுகளுக்கும் அந்த ஒரு நாற்காலிதான். இலங்கைப் பிரஜையான எனக்கு அந்தச் சபையில் ஒரு குரல் இருக்கிறதென்றால் அது நீங்கள்தான். அதனால்தான் இந்த மடலைக் கொழும்புக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். பதவியில் இருப்பவர் மாறிக்கொண்டிருப்பார், கடமை மாறாது. ஆகவே பெயர் சொல்லாமல் அந்தப் பதவியையே விளித்து எழுதுகிறேன்.

நான் மலையகத்தில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்குப் பொருளியல் படிப்பிப்பவன். வரவு செலவுத் திட்டம் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகளிடமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது: "சேர், இதை எல்லாம் தீர்மானிக்கிறது பாராளுமன்றமா, ஐ.எம்.எப்.ஆ?" பாடப்புத்தகத்தின்படி பாராளுமன்றம் என்று பதில் சொல்லலாம். ஆனால் 2023இல் நடந்ததைப் பார்த்த பிள்ளைகளுக்கு அந்தப் பதில் போதாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இலங்கை வங்குரோத்தானதற்கு முதற் காரணம் எங்கள் ஆட்சியாளர்கள்தான். 2019 இறுதியில் வரிகளைக் கண்மூடித்தனமாகக் குறைத்தார்கள். 2021இல் இரசாயனப் பசளையைத் திடீரெனத் தடைசெய்து வயலையும் தேயிலையையும் ஒன்றாக வாட்டினார்கள். டொலர் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தபோது உதவி கேட்க மறுத்துக் காலத்தைக் கடத்தினார்கள். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென்று நாடு அறிவித்தது. அந்தத் தவறுகளுக்கெல்லாம் நிதியத்தைக் குற்றம் சொல்லித் தப்பிக்க நான் வரவில்லை.

அந்த ஆட்சியாளர்களிடம் கணக்குக் கேட்க எங்களுக்கு வழிகள் இருந்தன. மக்கள் காலிமுகத்திடலில் மாதக்கணக்கில் இருந்தார்கள். 2022 ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி உட்பட பொருளாதாரத்தை நிர்வகித்தவர்கள் மக்கள் தங்கள்மேல் வைத்த நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. 2024இல் வாக்குச் சீட்டால் ஆட்சியையே மாற்றினோம். புதிய அரசாங்கத்துக்கு 225 ஆசனங்களில் 159 கிடைத்தன. இவ்வளவும் ஜனநாயகம் எங்களுக்குத் தந்த வழிகள். குறைபாடுகள் இருந்தாலும் வழிகள்.

அதே காலத்தில் எங்கள் வாழ்க்கையை இவற்றுக்குச் சமமாக மாற்றியமைத்த இன்னொரு தீர்மானம் உங்கள் சபையில் எடுக்கப்பட்டது. அதற்குக் கணக்குக் கேட்க எங்களுக்கு எந்த வழியும் இருக்கவில்லை.

திகதிகளை மட்டும் பாருங்கள். 2022 செப்டெம்பர் 1ஆம் திகதி நிதியத்தின் அலுவலர்களும் இலங்கை அதிகாரிகளும் அலுவலர் மட்ட இணக்கப்பாட்டுக்கு வந்தார்கள். 2023 மார்ச் 20ஆம் திகதி உங்கள் சபை ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கடனுக்கு அனுமதி வழங்கியது. முதல் தவணையும் வந்தது. பாராளுமன்றம் அந்த ஏற்பாட்டை வாக்கெடுப்புக்கு விட்டு நிறைவேற்றியது ஏப்ரல் 28ஆம் திகதி, ஆதரவாக 120, எதிராக 25. எல்லாம் முடிந்து ஐந்து வாரங்களுக்குப் பிறகு. அந்த 120 பேரும் 25 பேரும் எதை மாற்றியிருக்க முடியும்? நிதியமைச்சரும் மத்திய வங்கி ஆளுநரும் ஒப்பமிட்ட கடிதம் அதற்கு முன்பே வொஷிங்டனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நிபந்தனைகள் எழுதியாயிற்று. சட்டமியற்றும் அதிகாரம் படைத்த சபைக்கு மிஞ்சியது தலையாட்டுவதா இல்லையா என்ற தெரிவு மட்டுமே.

அந்த நிபந்தனைகள் ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைந்தன என்பதைச் சொல்கிறேன். தோட்டத்து லயன் அறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மின்குமிழ், ஒரு சின்னத் தொலைக்காட்சி, பிள்ளையின் கைத்தொலைபேசி. மாதம் முப்பது அலகுக்குமேல் போகாத வீடு. 2022 ஓகஸ்டுக்கு முன்பிருந்த கட்டணத்தில் அலகு இரண்டரை ரூபா, நிலையான கட்டணம் 30 ரூபா, ஆகப் பட்டியல் 105 ரூபா. ஓகஸ்டில் அது 360 ஆனது. 2023 பெப்ரவரியில் அலகு 30 ரூபாவாகவும் நிலையான கட்டணம் 400 ரூபாவாகவும் உயர, அதே முப்பது அலகுக்கு 1,300 ரூபா. அந்த ஆண்டு ஜூலையில் கட்டணம் கணிசமாக இறங்கியது உண்மை. ஆனால் நாட்சம்பளத்தில் வாழும் ஒரு குடும்பத்துக்கு அந்த இடைப்பட்ட மாதங்களில் என்ன நடந்திருக்கும் என்பதை நீங்களே கணக்குப் பாருங்கள். எங்கள் வகுப்புகளில் விளக்கில்லாமல் வீட்டுப்பாடம் செய்துவந்த பிள்ளைகள் இருந்தார்கள்.

மின்சார சபை நட்டத்தில் ஓடக் கூடாது என்பது சரி. செலவுக்கேற்ற விலை என்ற கொள்கையும் விவாதிக்கத் தக்கது. ஆனால் யாருக்கு எவ்வளவு, எந்த வேகத்தில், முப்பது அலகுக்காரருக்கும் முன்னூறு அலகுக்காரருக்கும் சுமையை எப்படிப் பிரிப்பது என்பவை அரசியல் கேள்விகள். அவற்றுக்கு விடை சொல்லும் உரிமை வாக்குக் கேட்டு வந்தவர்களுக்கு மட்டுமே உண்டு. வற் எனப்படும் பெறுமதி சேர் வரியும் அப்படித்தான்: 2022 மே வரை 8 வீதமாக இருந்தது 2024 ஜனவரியில் 18 வீதத்தில் நின்றது. வருமான வரியை ஏய்ப்பவரும், பால்மா வாங்க ஆயிரம் ரூபாத் தாளை நீட்டும் கொழுந்துப் பறிப்பவரும் அங்கே ஒரே வரிசையில்.

இனி ஈ.பி.எப். தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம், தொழில்தருநர் போடும் 12 வீதம். இதுதான் ஊழியர் சேமலாப நிதி. ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணுக்கும், கடை ஊழியருக்கும், தோட்டத்தில் முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்த தொழிலாளிக்கும் முதுமையில் மொத்தமாகக் கைக்கு வரும் முக்கியமான பணம் அதுதான். கூரை மாற்றுவதும், மகளைக் கட்டிக்கொடுப்பதும், கண்சத்திர சிகிச்சையும் அந்தப் பணத்தில்தான். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது இந்த நிதியிடம் இருந்த திறைசேரி முறிகளில், அதாவது அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்த பத்திரங்களில், கைவைக்கப்பட்டது. நீண்ட கால முறிகளாக மாற்றிக்கொள்ள வேண்டும். 2025 வரை 12 வீத வட்டி, பிறகு 9 வீதம். மறுத்தால் அந்த வருமானத்துக்கு வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகும். இதைத் தெரிவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வர்த்தக வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகள் இந்த மாற்றத்துக்கு வெளியே விடப்பட்டன. வங்கிகள் ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன, அவற்றைத் தொட்டால் நிதித்துறை ஆடிப்போகும் என்று காரணம் சொன்னார்கள். விசேட வங்கி விடுமுறை அறிவிக்கப்பட்ட நீண்ட வாரஇறுதியில், ஜூலை 1 சனிக்கிழமை, பாராளுமன்றம் அதை நிறைவேற்றியது.

இந்த வடிவத்தை நிதியம் எழுதிக்கொடுத்தது என்று நான் சொல்லமாட்டேன். அதைத் தீட்டியது கொழும்பு. ஆனால் எட்ட வேண்டிய இலக்கை வைத்தது யார்? 2032இல் அரச கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 95 வீதத்துக்குக் கீழே வர வேண்டும், 2025 முதல் ஆண்டுதோறும் அந்த உற்பத்தியின் 2.3 வீதம் முதன்மை மிகை (வட்டிச் செலவைச் சேர்க்காமல் செலவை மிஞ்சும் வரவு) காட்ட வேண்டும் என்ற எண்கள் நிதியத்தின் கடன் தாங்குதிறன் ஆய்விலிருந்து வந்தவை. கொழும்பிடம் கேட்டால், "ஐ.எம்.எப். இலக்கு, எங்களால் என்ன செய்ய முடியும்?" என்கிறார்கள். நிதியத்திடம் கேட்டால், "நிகழ்ச்சித்திட்டம் அந்த நாட்டு அரசாங்கத்தினுடையது, இலக்கை எப்படி எட்டுவது என்பது அவர்கள் தீர்மானம்" என்கிறார்கள். ஆளையாள் கைகாட்டும் அந்த இடைவெளிக்குள் ஒரு கிழவியின் முப்பது ஆண்டு உழைப்பின் வட்டி காணாமல் போகிறது. தேர்தலில் அரசாங்கத்தை மாற்றினாலும் இந்த எண்கள் மாறுவதில்லை. மாற்றுக் கடன் ஆய்வு செய்வோம் என்று மேடையில் சொன்ன கட்சியே ஆட்சிக்கு வந்தது. ஆய்வு மாறவில்லை, 2.3ம் மாறவில்லை. இதைக் கட்சிக்காரரின் குணக்கேடு என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அடுத்த தவணைப் பணமும் வெளிநாட்டுக் கடன்காரருடனான உடன்பாடும் அந்த எண்களில் தொங்கிக்கொண்டிருக்கும்போது எந்தக் கட்சியாலும் அதிகம் அசைய முடிவதில்லை என்பதே உண்மை.

அப்படியானால் அந்த எண்களுக்கு அனுமதி கொடுக்கும் சபை எப்படி அமைந்திருக்கிறது என்று கேட்பது எங்கள் உரிமை.

191 உறுப்பு நாடுகள். ஐக்கிய அமெரிக்காவிடம் மட்டும் ஏறத்தாழ 16.5 வீத வாக்குகள். பங்குகளை, அதாவது ஒவ்வொரு நாடும் நிதியத்தில் வைக்கும் மூலதன அளவை, திருத்துவது போன்ற பெரிய தீர்மானங்களுக்கு 85 வீத வாக்கு வேண்டும். ஆகவே ஒரு நாடு தனியாகவே அவற்றில் எதையும் தடுத்துவிடலாம். இது ஏட்டளவில் உள்ள அதிகாரம் மட்டுமல்ல. 2010 டிசெம்பரில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட பங்குச் சீர்திருத்தம் அமெரிக்கக் காங்கிரஸ் ஒப்புதல் தராததால் 2016 ஜனவரி வரை நடைமுறைக்கு வரவில்லை. உலகம் ஐந்து ஆண்டுகள் காத்திருந்தது. இலங்கையின் வாக்கோ ஒரு வீதத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். நீங்கள் பேசும் நான்கு நாடுகளையும் சேர்த்தாலே சுமார் 3 வீதம். நான்கு நாடுகளிலும் வாழ்பவர்கள் உலக மக்களில் ஐந்தில் ஒருவர்.

17 கோடிப் பேர் வாழும் பங்களாதேஷை விடச் சுமார் 1.2 கோடிப் பேர் வாழும் பெல்ஜியத்தின் பங்கு ஆறு மடங்கு பெரியது. 140 கோடி மக்களின் இந்தியாவின் பங்கு இத்தாலியின் பங்கைவிடச் சிறியது. பங்கைக் கணிக்கும் சூத்திரத்தில் மொத்த உள்நாட்டு உற்பத்திக்குப் பாதி இடம், பொருளாதாரத் திறந்தநிலைக்கு 30 வீதம், வெளிநாட்டு வரவுகளின் ஏற்ற இறக்கத்துக்கு 15, அந்நியச் செலாவணிக் கையிருப்புக்கு 5. மக்கள் தொகைக்கு ஒரு வீதம்கூட இல்லை. மனிதர் எத்தனை பேர் என்பது அந்தக் கணக்கில் நுழையவே இல்லை.

இந்தப் பங்கு வாக்குக்கு மட்டுமல்ல, உதவிக்கும் அளவுகோல். கொவிட் காலத்தில், 2021 ஓகஸ்டில், நிதியம் 650 பில்லியன் டொலர் பெறுமதியான விசேட எடுப்பனவு உரிமைகளை (நிதியமே உருவாக்கும் கையிருப்புச் சொத்து) உலகுக்குப் பங்கிட்டது. பங்கின் அளவுக்கேற்பவே பகிர்வு. குறைந்த வருமான நாடுகள் அத்தனைக்கும் சேர்த்துக் கிடைத்தது 21 பில்லியன். தேவையில்லாதவருக்குக் கூடுதலாகவும் மூச்சுத் திணறியவருக்குக் குறைவாகவும் போன பணம் அது. 2023 டிசெம்பரில் 16ஆவது பொதுப் பங்கு மீளாய்வு முடிந்தபோது எல்லோருடைய பங்கையும் 50 வீதத்தால் கூட்டத் தீர்மானித்தார்கள். எல்லோருக்கும் ஒரே வீதத்தில் கூட்டினால் யாருடைய வாக்கு பலமும் மாறாது. மீளாய்வு என்ற பெயரில் பழைய நிலையே மறுபடி முத்திரை குத்தப்பட்டது.

"பணம் போடுகிறவன்தானே முடிவெடுப்பான்" என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இதற்குப் பதில் நிதியத்தின் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. வடக்கிலும் தெற்கிலும் மலையகத்திலும் எங்களுக்குக் கூட்டுறவுச் சங்கக் கடைகளைத் தெரியும். பத்துப் பங்கு வாங்கியவருக்கும் ஒரு பங்கு வாங்கியவருக்கும் பொதுக்கூட்டத்தில் ஒரு வாக்குத்தான். நிதியம் தன்னையும் ஒரு கூட்டுறவு நிறுவனமாகவே சொல்லிக்கொள்கிறது. 1944இல் அதை உருவாக்கியவர்கள் முழுக் கூட்டுறவு முறைக்குப் போகவில்லை என்றாலும் அதன் ஒரு கீற்றை உள்ளே வைத்தார்கள். பணக்கார நாடானாலும் ஏழை நாடானாலும் ஒவ்வொரு உறுப்பினருக்கும் 250 அடிப்படை வாக்குகள், அதற்குமேல் பங்குக்கேற்ற வாக்குகள். தொடக்கத்தில் மொத்த வாக்குகளில் அடிப்படை வாக்குகள் 11 வீதத்துக்கு மேல் இருந்தன. பங்குகள் பெருகப் பெருக அடிப்படை வாக்குகளை யாரும் கூட்டவில்லை. அவை 2 வீதமளவுக்குத் தேய்ந்துபோயின. உறுப்பினர் எண்ணிக்கை நான்கு மடங்குக்கு மேல் பெருகிய காலம் அது. குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்த காலம். நாங்கள் உள்ளே வரவர, சமத்துவத்துக்கென வைத்த இடம் சுருங்கியது. 2008இல் எடுத்த தீர்மானத்தால் மும்மடங்காக்கி, 2011 முதல் 5.5 வீதத்தில் நிலைநிறுத்தியிருக்கிறார்கள். 1944இல் கொடுத்ததில் பாதி.

1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வூட்ஸில் 44 நாடுகள் கூடியபோது இலங்கை அங்கே இல்லை. நாங்கள் குடியேற்ற நாடு, உறுப்பினரானது 1950இல். இந்தியாவும் அப்போது பிரித்தானிய ஆட்சியில்தான் இருந்தது, ஆனால் ஒரு தூதுக்குழு போனது. தலைவர் ஜெரமி ரெய்ஸ்மன் என்ற பிரித்தானிய அதிகாரி. குழுவில் சி. டி. தேஷ்முக், கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார் போன்றவர்கள். செட்டியார் பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரானவர். தன் நாட்டின் விடுதலையையே இன்னும் காணாத மனிதர்கள் உலகத்தின் பண ஒழுங்குக்குத் தங்கள் பகுதியின் நியாயத்தைச் சொல்லப் போனார்கள். நிதியம் இயங்கத் தொடங்கியபோது இந்தியா மிகப் பெரிய ஐந்து பங்காளர்களில் ஒன்று. நீங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலிக்கு அந்த வரலாறு உண்டு. ஏழை நாடுகளுக்காக வாதாடுவது அந்த இடத்துக்குப் புதிதல்ல.

எனக்கு உங்களிடம் ஒரு மனத்தாங்கலும் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. நிதியத்தின் விதிப்படி ஒரு தொகுதியின் வாக்குகளைப் பிரித்துப் போட முடியாது. நான்கு நாடுகளின் வாக்கும் ஒரே கட்டாகத்தான் விழும். 2025 மே 9ஆம் திகதி பாகிஸ்தானுக்கான கடன் சபைக்கு வந்தபோது இந்தியா வாக்களிப்பிலிருந்து விலகியது. இந்தியாவின் காரணங்கள் சரியா பிழையா என்பது என் விஷயமல்ல. அன்று விலகிய வாக்குகளில் இலங்கையின் வாக்கும் பங்களாதேஷின் வாக்கும் பூட்டானின் வாக்கும் இருந்தன என்பது இந்த நாடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அது பற்றி எங்களுக்கு ஒரு வரி விளக்கமாவது வந்ததா? நாளைக்கு இலங்கையின் விடயம் வரும்போது டெல்லியின் நலனும் கொழும்பின் நலனும் ஒன்றாக இல்லாவிட்டால் உங்கள் குரல் யாருடையதாக இருக்கும்? உங்கள் சபையில் முறையான வாக்கெடுப்பு அபூர்வம், பெரும்பாலும் கருத்தொருமிப்புத்தான் என்று சொல்வீர்கள். அது நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. வாக்கெடுப்பு நடந்தால் யார் எந்தப் பக்கம் என்றாவது தெரிந்திருக்கும்.

தலைமைப் பதவி பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. 1946 முதல் பன்னிரண்டு முகாமைப் பணிப்பாளர்கள், பன்னிரண்டு பேரும் ஐரோப்பியர். உலக வங்கிக்கு அமெரிக்கர், நிதியத்துக்கு ஐரோப்பியர் என்ற ஏற்பாடு எந்த உடன்படிக்கையிலும் எழுதப்படவில்லை. ஆனால் எழுதப்பட்ட விதிகளை விட உறுதியாக நிற்கிறது. 2019இல் இப்போதைய முகாமைப் பணிப்பாளர் வருவதற்காக வயதெல்லை விதியையே நீக்கினார்கள். 2024இல் இரண்டாம் முறைக்கு அவர் ஒருவரே வேட்பாளர். உலகத்தில் மற்றெல்லா நாடுகளிலும் சேர்த்து ஒரு தகுதியான ஆள் கிடைக்கவில்லையாம்.

நிதியம் தவறே செய்யாத இடம் என்றால் இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தவறு செய்திருக்கிறது. கிரேக்கத்தின் 2010 கடன் திட்டத்தை 2013இல் தானே மீளாய்வு செய்து, பொருளாதாரம் எவ்வளவு சுருங்கும் என்பதைக் குறைவாக மதிப்பிட்டதையும் குறிப்பிடத்தக்க தோல்விகள் இருந்ததையும் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட நேர்மையை மதிக்கிறேன். அந்தத் தப்புக் கணக்கின் விலையைக் கொடுத்த கிரேக்க ஓய்வூதியக்காரருக்கு என்ன பரிகாரம் கிடைத்தது? எதுவும் இல்லை. கேட்பதற்கு இடமே இல்லை.

இங்கே உலக வங்கியோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. நர்மதைப் பள்ளத்தாக்கில் சர்தார் சரோவர் அணையால் வீடிழந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். வங்கியே அமைத்த சுயாதீன ஆய்வுக்குழு 1992இல் அவர்கள் பக்க நியாயத்தை எழுதியது. அடுத்த ஆண்டு வங்கி, பாதிக்கப்பட்டவர்கள் நேரடியாக முறையிடக்கூடிய பரிசோதனைக் குழுவை ஏற்படுத்தியது. ஆற்றங்கரை ஆதிவாசிகளின் போராட்டம் ஒரு சர்வதேச நிறுவனத்தின் சட்ட அமைப்பையே மாற்றியது. அந்தக் குழுவுக்கு ஆயிரம் குறைகள் சொல்லலாம், ஆனால் கதவென்று ஒன்று இருக்கிறது. முந்த்ரா மீனவர்களையும் பாருங்கள். உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனம் கடன் கொடுத்த குஜராத் அனல்மின் நிலையம் தங்கள் நீரையும் மீன்பிடியையும் கெடுத்தது என்று அவர்கள் அமெரிக்க நீதிமன்றம் வரை போனார்கள். சர்வதேச நிறுவனங்களுக்கு வழக்கிலிருந்து முற்றான விலக்குக் கிடையாது என்று 2019 பெப்ரவரியில் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது. பிறகு அந்த வழக்குக்கு அடிப்படையான செயல்கள் அமெரிக்காவுக்கு வெளியே நடந்தவை என்று கீழ் நீதிமன்றங்கள் அதைத் தள்ளிவிட்டன. மீனவர்களுக்கு நீதி கிடைக்கவில்லை; ஆனாலும் கேட்க ஒரு நீதிமன்றம் இருந்தது.

நாணய நிதியத்துக்கு அதுவும் இல்லை. தானாக விட்டுக்கொடுத்தாலன்றி எந்த நீதிமன்ற நடவடிக்கையும் தன்மேல் பாயாது என்று அதன் உடன்படிக்கையே சொல்கிறது. 2001 முதல் சுயாதீன மதிப்பீட்டு அலுவலகம் ஒன்று இருக்கிறது, பயனுள்ள அறிக்கைகளையும் எழுதுகிறது. தனிமனிதரோ தொழிற்சங்கமோ அதனிடம் முறையிட்டு விசாரணை கேட்க முடியாது. எங்கள் முன்னாள் ஜனாதிபதி பொறுப்பை மீறினார் என்று எங்கள் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்கலாம். எங்கள் சேமலாப நிதிக்கு நேர்ந்ததில் நிதியத்தின் பங்கு என்ன என்று உலகத்தின் எந்த மன்றமும் கேட்காது.

உங்களிடம் நான் கேட்பவற்றில் சில உங்கள் கையிலேயே இருக்கின்றன, யாருடைய 85 வீதமும் வேண்டாம். இலங்கை தொடர்பான அடுத்த மீளாய்வு சபைக்கு வருமுன், அரசாங்கம் அனுப்பும் உறுதிமொழிக் கடிதத்தின் வரைவு பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் நேரம் கொடுக்கும்படி சபையிடம் சொல்லுங்கள். அந்த வரைவு சிங்களத்திலும் தமிழிலும் எங்கள் கைக்கு வரட்டும். கொழும்புக்கு வரும்போது திறைசேரியையும் மத்திய வங்கியையும் மட்டும் சந்திக்காதீர்கள். பாராளுமன்ற நிதிக் குழுவின் முன் பகிரங்கமாக அமர்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். தொழிற்சங்கங்களோடு அட்டனில் ஒரு நாள், சுதந்திர வர்த்தக வலயத்தில் ஒரு நாள் பேசுங்கள். நான்கு நாடுகள் தொடர்பாகவும் நீங்கள் எடுத்த நிலைப்பாடுகளை ஆண்டுக்கு ஒருமுறை நான்கு பாராளுமன்றங்களுக்கும் அறிக்கையாக அனுப்புங்கள். வாக்களிப்பிலிருந்து விலகிய நாட்களையும் சேர்த்து.

மற்றவற்றுக்குச் சபையில் போராட வேண்டும். அடுத்த பங்கு மீளாய்வில் இந்தியா தன் பொருளாதாரத்தின் அளவைக் காட்டிப் பங்கை உயர்த்தக் கேட்கும், அது நியாயமும்கூட. ஆனால் அந்த வாதம் வெற்றி பெற்றால் இந்தியாவுக்குக் கூடும். பூட்டானுக்கும் எங்களுக்கும் எதுவும் கூடாது. உங்கள் தொகுதியில் சின்ன நாடுகளும் இருப்பதை மறக்காமல், அடிப்படை வாக்குகளை 1944இல் இருந்த 11 வீதத்துக்குக் கொண்டுவரக் கேளுங்கள். சூத்திரத்தில் மக்கள் தொகைக்கு இடம் கேளுங்கள். முகாமைப் பணிப்பாளரைத் தெரிவு செய்யவும், கடன் நிபந்தனைக் கொள்கையை மாற்றவும் இரட்டைப் பெரும்பான்மை கேளுங்கள்: வாக்குப் பலத்தில் பெரும்பான்மை ஒன்று, நாடுகளின் எண்ணிக்கையில் பெரும்பான்மை ஒன்று. இது நடக்காத கனவு என்று யாராவது சொன்னால், உடன்படிக்கையைத் திருத்துவதற்கான விதியைக் காட்டுங்கள். அங்கே ஏற்கெனவே உறுப்பு நாடுகளில் ஐந்தில் மூன்று பங்கின் சம்மதமும் 85 வீத வாக்கும் ஒருசேர வேண்டும். நாடுகளைத் தலைக்கணக்கில் எண்ணும் முறை நிதியத்துக்குள் எண்பது ஆண்டுகளாக இருக்கிறது. ஒரு தீர்மானத்துக்குப் பொருந்துவது இன்னொன்றுக்கும் பொருந்தும்.

முறையிடும் மன்றம் ஒன்றையும் கேளுங்கள். நிதியத்தின் திட்டத்தால் தங்கள் ஓய்வூதியத்துக்கோ உணவுக்கோ பள்ளிக்கோ கேடு வந்ததென்று நம்பும் மக்கள் நேரடியாக மனுக்கொடுக்கவும், சபையிடமிருந்து சுதந்திரமாக விசாரிக்கவும், அறிக்கையை ஒளிக்காமல் வெளியிடவும் அதிகாரம் உள்ள மன்றம். 1993இல் உலக வங்கியால் முடிந்தது உங்கள் நிறுவனத்தால் ஏன் முடியவில்லை என்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

கடன் வாங்கியவர்கள் வட்டியோடு திருப்பிக் கட்டுகிறோம். நிதியத்தின் அலுவலகச் செலவில் பெரும்பகுதி நீண்ட காலம் அந்த வட்டி வருமானத்தில்தான் ஓடியிருக்கிறது. அப்படியிருக்க நாங்கள் இரந்து நிற்கும் தரப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

உங்கள் பதிலை இலங்கைப் பாராளுமன்றத்தின் நிதிக் குழுவுக்கு எழுத்தில் அனுப்புங்கள். அது அங்கே வாசிக்கப்பட்டு, பதிவேட்டில் ஏறி, என் மாணவர்கள் எடுத்துப் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

மரியாதையுடன்,
இலங்கைப் பிரஜை ஒருவர்
அட்டன்